கிளம்ப மறுக்கும் பழைய மொபெட்

– இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்

விடியற்காலை நாலரை மணிக்கு ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் நின்று பார்த்தால், இருட்டுக்குள் முதலில் கேட்பது மொபெட்டுகளின் சத்தம்தான். பால் கேன், கீரைக்கட்டு, மல்லிகைக் கூடை, வாழையிலைக் கட்டு என்று தன் எடையைவிட அதிகமான சுமையை ஏற்றிக்கொண்டு அவை வந்து சேர்கின்றன. பல வண்டிகள் இந்தக் கட்டுரையை எழுதும் என்னைவிட வயதில் மூத்தவை. அவற்றில் ஒன்று ஒருநாள் கிளம்பவில்லை என்றால், அன்று ஒரு வீட்டில் கீரை வாடிவிடுகிறது, பால் திரிந்துவிடுகிறது. எனவே இது சின்ன விஷயம் அன்று. வகுப்பில் நாம் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் இந்தச் சிறு எஞ்சினுக்கு எவ்வாறு பயன்படும் என்பதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு வரலாறு

டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஸ்காட்லாந்துக்காரரான டுகால்ட் கிளார்க் 1878-இல் உருவாக்கி, 1881-இல் காப்புரிமை பெற்றார். இன்று மொபெட்டில் நாம் காணும் எளிய வடிவத்துக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே. நம் நாட்டில் 1972-இல் லூனா வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்து, இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட் என்று கிராமமெங்கும் பரவியது. 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் கொண்ட எக்ஸ்.எல். 100 வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் டூ ஸ்ட்ரோக் மொபெட்டுகள் புதிதாக வருவதில்லை. ஆனால் பழையவை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கனடாவில் 1959-இல் பொம்பார்டியே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பனிச்சறுக்கு வண்டியிலும் நெடுங்காலம் இருந்தது இதே வகை எஞ்சின்தான். பனி நாட்டில் அது எதற்காக மக்கர் செய்கிறதோ, பெரும்பாலும் அதற்காகவே ஊத்துக்கோட்டையிலும் மக்கர் செய்கிறது என்பது வியப்பான உண்மை.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அதன் தலைக்கு மேலே உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. அதன் அடியில் உள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைவதால் கார்புரேட்டர் வழியாகப் புதுக் கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை எரிந்து பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அது கீழே வரும்போது புகை வெளியேறும் வழி திறக்கிறது. கிராங்க் அறையில் அடைபட்ட புதுக் கலவை பக்க வழியாக மேலே பாய்கிறது. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை சக்தி கிடைக்கிறது.

கார்புரேட்டரின் தத்துவம் நாம் படித்த பெர்னௌலியின் தத்துவமே. குறுகிய தொண்டைப் பகுதியில் காற்று வேகமாகப் பாய, அங்கே அழுத்தம் குறைய, ஜெட்டின் துளை வழியாகப் பெட்ரோல் மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை.

ஆக, எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும்: சரியான கலவை, போதிய அழுத்தம், உரிய நேரத்தில் பொறி. கிளம்பவில்லை என்றால் இம்மூன்றில் ஒன்று குறைகிறது என்று பொருள். எது என்பதைக் கண்டுபிடிக்காமல் கையில் கிடைத்த திருகையெல்லாம் திருகுவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

கிளம்பாத வண்டியைச் சோதிக்கும் முறை

முதலில் பெட்ரோல். டேங்கில் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் டியூபைக் கழற்றி, ஒரு பாட்டிலில் பெட்ரோல் தடையின்றி விழுகிறதா என்று காண வேண்டும். அருகில் பீடியோ விளக்கோ இருத்தல் கூடாது. சிறிது விழுந்து நின்றுவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். திறந்ததும் மீண்டும் விழுந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்கிய இடத்தைக் காற்று நிரப்பாததால் உள்ளே அழுத்தம் குறைந்துவிடுகிறது. ஓர் ஊசியால் தீரும் கோளாறு இது.

அடுத்தது பிளக். சிலமுறை மிதித்த பிறகு கழற்றிப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. மிகுந்திருந்தால் குழாயை அடைத்து, சோக்கை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுதும் திருகிச் சிலமுறை மிதித்தால் போதும். மார்கழிக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாததால் சோக் வேண்டும். சித்திரை வெயிலில் அதே சோக் பிளக்கை நனைத்துவிடும்.

மூன்றாவது பொறி. பிளக்கை அதன் மூடியில் பொருத்தி, உலோக உடலை எஞ்சின் மீது படும்படி, ஆனால் பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து மிதிக்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று தாவினால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் ஐயம் கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. வெளியில் பொறி விடும் பிளக், உள்ளே விடாமல் போகலாம். வாயுவின் அழுத்தமும் இடைவெளியும் கூடக்கூடப் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவை என்பது 1889-இல் பாஷன் வெளியிட்ட விதி. சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்ட நிலையில் இருப்பதால் மெலிந்த பொறி அங்கே தோற்றுவிடுகிறது. ஆகையால் ஐயமிருந்தால் நல்ல பிளக் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே முடிவான சோதனை.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால் ஒயர், மூடி, நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றையும், பழைய மாடல்களில் பாயிண்டையும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் முதல் சுருளின் மின்னோட்டம் திடீரென்று அறுபடுகிறது. பாரடேயின் விதிப்படி, காந்தப் பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் இரண்டாம் சுருளில் தோன்றும். பாயிண்ட் கருகியிருந்தாலோ, கண்டென்சர் கெட்டிருந்தாலோ மின்னோட்டம் மெல்ல அறுபடும், பொறி மெலியும். பிந்திய மாடல்களில் மின்னணுப் பற்றவைப்பு இருப்பதால் பாயிண்ட் கிடையாது.

நான்காவது அழுத்தம். பிளக் துளையை விரலால் அடைத்து மிதித்தால் விரலைத் தள்ள வேண்டும். தள்ளுதல் குறைவாக இருந்தால், துளை வழியே சில சொட்டு ஆயில் விட்டு மீண்டும் மிதித்துப் பார்க்கலாம். இப்போது தள்ளுதல் தெளிவாகக் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் அழுத்தம் கூடியது.

கிளம்பியும் நிற்காத வண்டி

சில வண்டிகள் கிளம்பிவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் மிகக் குறைவு. பல கார்புரேட்டர்களில் அதற்கென்று மயிரிழை போன்ற துளையுள்ள தனி ஜெட் உண்டு. மிக எளிய சில மொபெட்டுகளில் ஒரே ஜெட்தான். எதுவாயினும் சிறு தூசியே அதை அடைக்கப் போதும். கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் கழுவி, காற்றால் ஊதுவதே முறை.

எஞ்சின் தானாகவே உறுமி ஏறி, பிறகு அணைந்தால், எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் சிறிது சோப்பு நீர் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் எஞ்சினின் சத்தம் மாறும். கிராங்க் அறையின் ஆயில் சீல் தேய்ந்தாலும் இதே நிலைதான். அப்போது எத்தனை முறை டியூன் செய்தாலும் நிற்காது. சைலன்சரில் கரி அடைந்திருந்தால் புகை வெளியேறாமல் எஞ்சின் மூச்சுத் திணறும்.

எங்கள் வீட்டு அனுபவம்

என் தந்தை இருபது ஆண்டுகளாக ஒரு பழைய மொபெட்டில் கீரை கொண்டு செல்கிறார். சென்ற ஐப்பசி மழையில் அது கிளம்ப மறுத்தது. நான் முதலில் பிளக்கை மாற்றினேன், பயனில்லை. பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவித் தந்தார்கள். இரண்டு நாள் ஓடி, மீண்டும் நின்றது. பிறகு, சிலிண்டரை ரீபோர் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை என் ஒரு பருவக் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தந்தை முடிவு செய்துவிட்டார்.

அன்று இரவு ஆயில் சொட்டுச் சோதனையைச் செய்து பார்த்தேன். ஆயில் விடும் முன்பும் பின்பும் விரலைத் தள்ளும் வேகத்தில் மாற்றம் இல்லை. முன்பே நன்றாகத்தான் தள்ளியது. ஆகவே ரீபோர் தேவையில்லை. அப்போது தந்தை, “அந்த மழையில நனைஞ்சு நின்ன ராத்திரிக்கு அப்புறந்தாம்மா இது மக்கர் பண்ணுது” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் விடை.

இன்று நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20 சதவிகிதக் கலப்பு என்ற இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் சிறிதளவு நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் கூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதானே குழாய் எடுக்கிறது! டேங்கிலிருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி அரைமணி நேரம் வைத்தேன். ஆயில் கலந்த நிறமுள்ள அடுக்கு மேலேயும், நிறமற்ற அடுக்கு கீழேயும் தெளிவாகப் பிரிந்து நின்றன. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. அதன் வழியே மழைநீர் இறங்கியிருக்கிறது. கார்புரேட்டரை மட்டும் கழுவியதால் இரண்டு நாளில் டேங்க் நீர் மீண்டும் அங்கே வந்து சேர்ந்தது. கீழ் அடுக்கில் ஆயில் கரையாது என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டி எப்படியோ ஓடியிருந்தால் பிஸ்டன் ஆயிலின்றிச் சிக்கி, உண்மையாகவே ரீபோர் செய்ய நேர்ந்திருக்கும்.

டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவி, புது வாஷரும் புதுப் பெட்ரோலும் போட்டதும் முதல் மிதியிலேயே கிளம்பியது. ஆனால் நிறுத்தி வைத்தால் உறுமி அணைந்தது. சோப்பு நீர் தடவியபோது கார்புரேட்டர் இணைப்பில் சத்தம் மாறியது. கழற்றி மாட்டியபோது பழைய பேக்கிங்கையே போட்டிருந்தார்கள். அதையும் மாற்றினோம். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். பட்டறைக்காரரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது ஒன்றை நிதானமாகப் பார்க்க அவருக்கு நேரமில்லை. எனக்கு ஓர் இரவு முழுதும் இருந்தது.

வேதியியல் மாணவர்கள் இதை ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் துணையோடு செய்து பார்க்கலாம். அளவு ஜாடியில் 50 மில்லி பெட்ரோலும் 50 மில்லி நீரும் விட்டுக் குலுக்கி நிற்க வைத்தால், 20 சதவிகித எத்தனால் இருப்பின் கீழ் அடுக்கு ஏறத்தாழ 60 மில்லிக்கு உயர்ந்து நிற்கும்.

முடிவுரை

இந்த அனுபவம் கற்பித்தவை மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இல்லையெனில் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஒரு திருகைத் திருகும் முன் அது எத்தனை சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கோளாறு தீர்ந்தும் நோய் நீங்கவில்லையென்றால் இரண்டாவது கோளாறும் இருக்கக்கூடும் என்று நினைக்க வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவருக்குக் கூறும் ஒழுங்கும் இதுதான். ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர்கள் கூறும் ஒழுங்கும் இதுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை, கோளாறு தொடங்கிய இரவைச் சரியாகக் கவனித்து வைத்திருந்தார். நான் விதிகளைப் படித்திருந்தேன். இரண்டும் சேர்ந்தபோதுதான் வண்டி கிளம்பியது. மறுநாள் நாலரை மணிக்குக் கீரை கடைத்தெருவில் இருந்தது.