பிழையற எழுதுவோம்

முன்னுரை:

ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதி முடித்தவுடன் நம் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. விதைத்தவர் களையெடுக்காமல் அறுவடைக்குச் செல்வதில்லை அல்லவா? எழுதியதைச் செப்பனிடுவதும், அச்சேறுமுன் மெய்ப்புத் திருத்துவதும் அத்தகைய களையெடுப்பே ஆகும்.

ஒரு சொல்லின் விலை:

1631ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் இராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்னும் அச்சகத்தார் ஆங்கில விவிலியத்தை அச்சிட்டனர். அதில் பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் 'நாட்' என்னும் மூன்றெழுத்துச் சொல் விடுபட்டுப் போயிற்று. 'செய்யாதே' என்று இறைவன் விலக்கிய பாவம், 'செய்' என்று கட்டளையாகிவிட்டது! அச்சகத்தாருக்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. படிகள் திரட்டி அழிக்கப்பட்டன. நம் கட்டுரைக்கு யாரும் தண்டம் விதிப்பதில்லை. ஆயினும் அதைப் படிப்பவர் தவறாகக் கற்றுக்கொண்டால் அப்பழி நம்மையே சாரும்.

முதலில் செப்பனிடுக:

செப்பனிடுதல் வேறு, மெய்ப்புத் திருத்துதல் வேறு. முன்னது கருத்தைச் சீராக்குவது. பின்னது எழுத்தைச் சீராக்குவது. இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. ஒற்றுப்பிழைகளையெல்லாம் திருத்திய பின்னர் அந்தப் பத்தியே வேண்டாம் என்று நீக்கினால் உழைப்பு வீணாகும். புதிதாகச் சேர்க்கும் வரியிலோ புதுப்பிழை புகுந்துவிடும்.

செப்பனிடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து யாது? ஒவ்வொரு பத்தியும் அக்கருத்துக்குத் துணை செய்கிறதா? கூறியவற்றுக்குச் சான்று உண்டா?

எண்களில் கவனம்:

ஆண்டுகளையும் பெயர்களையும் மூலநூலோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல் இதுவே. இலக்கங்கள் இடம் மாறி 1758 என்றாகிவிட்டால் என்ன ஆகும்? 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்த புதிய ஏற்பாடு இதற்கு முந்தியதாகிவிடும். 'முதல் நூல்' என்ற வாதமே சரிந்துபோகும்!

பின்பு மெய்ப்புத் திருத்துக:

தமிழில் ஓர் ஒற்றும் பொருளை மாற்றும். 'வேலை கொடு' என்றால் பணி தரச் சொல்வது. 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் படைக்கலத்தைத் தரச் சொல்வது. 'அறம்' என்பது 'அரம்' ஆனால் நற்செயல் இரும்பு அராவும் கருவியாகிவிடும். 'வழி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வலி' என்று இருந்தால் கணினியின் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாமல் விடக்கூடும். ஏனெனில் இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே.

நாம் எழுத நினைத்ததை நம் மனம் அறியும். ஆகவே தாளில் இல்லாத எழுத்தையும் இருப்பதாகவே கண் படித்துவிடுகிறது. இதைத் தவிர்க்கச் சில வழிகள் உள்ளன:

1. எழுதிய கட்டுரையை ஓரிரு நாள் எடுத்து வைத்துவிட்டுப் பின்னர் படித்தல்.
2. வரியின் கீழ் அடிக்கோலை வைத்து, வாய்விட்டு மெதுவாகப் படித்தல்.
3. கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் படித்தல்.
4. தோழி ஒருத்தி மூலத்தைப் படிக்க, நாம் அச்சுப்படியைச் சரிபார்த்தல்.

முடிவுரை:

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ.வே.சாமிநாதையர், பல ஏட்டுச் சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, ஆராய்ந்து 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். பிறர் எழுதிய நூலுக்கு அவர் அத்துணை பாடுபட்டார் எனில், நாமே எழுதிய நான்கு பக்கங்களுக்கு நாம் எவ்வளவு பாடுபட வேண்டும்! தோழியரே, பிழை திருத்துவது மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. நம்மை நம்பிப் படிப்பவருக்கு உண்மையை உண்மையாகவே கொடுப்பதற்காக. எழுதுவோம், திருத்துவோம், அதன் பின்னரே பிறர் கையில் கொடுப்போம்.