இடமறிந்து பொருள் கொள்வோம்

தையற்காரர் 'நூல் எங்கே?' என்று கேட்டால் நூற்கண்டை எடுத்துக் கொடுக்கிறோம். நூலகத்தில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால் புத்தகத்தைத் தேடுகிறோம். சொல் ஒன்றுதான், அது நிற்கும் இடம் பொருளைத் தீர்மானிக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான இவ்விதி, திருக்குர்ஆனைப் பொருளறிந்து ஓத விரும்புவோருக்கு மிகவும் இன்றியமையாதது. ஏனெனில், ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக் கொண்டால் அமலும் பிழையாகிவிடக் கூடும்.

இரு நூல்கள்

நோன்பு நோற்பவர் இரவில் எதுவரை உண்ணலாம், பருகலாம் என்பதைக் கூறும் வசனத்தில் (2:187) வெள்ளை நூல், கறுப்பு நூல் என்ற சொற்கள் வருகின்றன. கொடைக்குப் பெயர் பெற்ற ஹாத்திம் தாயீயின் மகனார் அதீ (ரலி) அவர்கள் இவற்றை நேர்ப்பொருளிலேயே எடுத்துக் கொண்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாக இரு கயிறுகளைத் தலையணைக்கு அடியில் வைத்து, இரவெல்லாம் பார்த்தார்கள். வேறுபாடு தெரியவில்லை. விடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கூற, இரவின் இருளும் பகலின் வெண்மையுமே அவை என்று அண்ணலார் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது.

அதீ (ரலி) அவர்களின் தாய்மொழியே அரபு என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லின் அகராதிப் பொருள் தெரிந்திருப்பது மட்டும் போதாது. அவ்வசனத்தில் நூலை அடுத்து 'ஃபஜ்ர்' (வைகறை) என்ற சொல் நிற்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நூல் நெய்யும் நூலன்று, அடிவானத்தில் தோன்றும் ஒளிக்கீற்று என்பது தெளிவாகும்.

ஒரு சொல், பல பொருள்

'உம்மத்' என்றதும் சமுதாயம் என்ற பொருளே நம் நினைவுக்கு வரும். ஆனால் திருமறையில் அது நிற்கும் இடங்களைப் பாருங்கள்:

மத்யனின் நீர்த்துறையில் மூஸா (அலை) அவர்கள் கண்ட 'உம்மத்' (28:23), கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டம்.

யூசுஃப் (அலை) அவர்களுடன் சிறையிலிருந்து விடுதலையானவருக்கு, ஓர் 'உம்மத்'துக்குப் பிறகு அவர்களின் நினைவு வந்தது (12:45). சமுதாயத்துக்குப் பிறகு என்றால் பொருளே இல்லை. இங்கு அது காலத்தைக் குறிக்கிறது.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தனியொருவர். அவர்களையே 'உம்மத்' என்கிறது திருமறை (16:120). நன்மைக்கு வழிகாட்டும் தலைவர் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர்.

இணைவைப்போர் தங்கள் மூதாதையரை ஓர் 'உம்மத்'தில் கண்டதாகக் கூறுவது (43:22) வழிமுறை என்ற பொருளில்.

மூன்று இலக்கணச் சொற்கள்

1. உவமை (தஷ்பீஹ்): ஒன்றைப் போல மற்றொன்று என்பது. வேதம் கொடுக்கப்பட்டும் அதன்படி நடக்காதவர், ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடப்படுகிறார் (62:5).

2. உருவகம் (இஸ்திஆரா): 'போல' என்பது இல்லாமல் ஒன்றையே மற்றொன்றாகச் சொல்வது. பெற்றோர் முன் பணிவின் சிறகைத் தாழ்த்துமாறு பிள்ளைகளுக்குக் கட்டளை (17:24). மனிதருக்குச் சிறகு ஏது? அன்போடு குஞ்சுகள்மீது சிறகைத் தாழ்த்தும் பறவையை நினைத்தால், தாய் தந்தையரிடம் எப்படி நடக்க வேண்டும் என்பது உள்ளத்தில் பதியும்.

3. ஆகுபெயர் (மஜாஸ் முர்ஸல்): ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவது. யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தந்தையிடம், ஊரைக் கேட்டுப் பாருங்கள் என்கிறார்கள் (12:82). ஊர் பேசாது; ஊரார் பேசுவர். 'ஊர் சிரிக்கும்' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

வீட்டில் பழகும் முறை

தர்ஜமா படிக்கும்போது விளங்காத சொல் வந்தால், முதலில் வசனத்தை முழுமையாகப் படியுங்கள். முன்னும் பின்னும் உள்ள வசனங்களைப் பாருங்கள். யார், யாரிடம், எதற்காகச் சொன்னது என்று கேளுங்கள். அதே சொல் வேறெங்கு வருகிறது என்று தேடுங்கள். பிள்ளைகளும் உடனிருந்து ஒரு நோட்டில் எழுதி வரட்டும். வாரத்துக்கு ஒரு சொல் என்றாலும் ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல் சேர்ந்துவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இப்படி நமக்குத் தோன்றும் பொருள் தேடலின் தொடக்கமே தவிர, முடிவன்று. அதைத் தஃப்ஸீரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உஸ்தாதுகளிடம் கேட்க வேண்டும். அதீ (ரலி) அவர்களும் தம் ஐயத்தை மனத்தில் வைத்துக் கொண்டிருக்கவில்லை. காலையிலேயே சென்று கேட்டார்கள். அதனால் அவர்களுக்கும் தெளிவு கிடைத்தது, நமக்கும் கிடைத்தது.

பொருளறிந்து ஓதவும், அறிந்தபடி நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.