கீறலும் பூச்சும்

தெஹிவளை

அன்புள்ள மருமகனுக்கு,

பொலிஷிங் மெஷினைக் கையில் எடுத்திருக்கும் உனக்கு இந்தத் தொழிலின் அடிப்படையை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘கட் அன்ட் பொலிஷ்’ என்று சேர்த்தே சொல்லிப் பழகியதில் முதற்சொல்லின் பொருள் எங்கள் காதில் ஏறாமற் போய்விட்டது. வெட்டுவதுதான் வேலை; மினுக்கம் அதன் பலன். நிறப் பெயின்றின் மேலுள்ள கிளியர் கோட்டில் கீறல் விழுந்தால், அதன் ஓரங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அது கண்ணில் படுகிறது. கொம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை அந்தக் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குகிறது. வளவில் ஒரு பள்ளம் இருந்தால், அதை மூடாமல் வளவு முழுவதையும் பள்ளத்தின் மட்டத்துக்கு வெட்டுவது போன்ற வேலை இது. ஆகவே ஒவ்வொரு பொலிஷும் திரும்பி வராத கைமுதலிலிருந்து எடுக்கும் செலவு. அந்தச் செலவை எவ்வளவு குறைக்கிறாய் என்பதில்தான் உன் திறமை இருக்கிறது.

அந்தக் கைமுதல் எவ்வளவு சிறியது என்று பார். கொம்பனிப் பெயின்றில் தகட்டுக்கு மேலுள்ள எல்லாப் படைகளும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரோன்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரை மறித்து அடியிலுள்ள நிறத்தைக் காப்பது இந்தப் படைதான். அது மெலிந்தால் காவலும் மெலியும். பழைய கார்களின் கூரையும் பொனட்டும் முதலில் வெளிறி உரியக் காரணம், வெயில் நேராக அங்கே விழுவதே. உரிந்த இடத்தை எந்த மெஷினாலும் மீட்க முடியாது. திரும்பப் பெயின்ற் அடிக்கத்தான் வேண்டும்.

எங்கள் நாட்டில் இது இன்னும் பாரதூரமான விஷயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றிற் பல, ஜப்பானில் ஏற்கெனவே ஓடி வந்த ரீகண்டிஷன் கார்கள். விற்கப் போகும் ஒவ்வொருவரும் ஒரு தடவை பொலிஷ் அடித்திருந்தால், உன்னிடம் வரும் காரில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதனால் பெயின்ற் தடிப்பு அளக்கும் கருவி இல்லாமல் மெஷினைத் தொடாதே. சாதாரணக் கருவி மொத்தத் தடிப்பையே காட்டும், கிளியர் கோட்டைப் பிரித்துக் காட்டாது என்பதையும் மறவாதே. எண் பல நூறாக உயர்ந்தால் அங்கே பெயின்ற் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே; அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கலாம்.

“வாடிக்கையாளர் கண்ணாடி போலக் கேட்கிறார், மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்” என்று நீ சொல்லலாம். நியாயமான கவலைதான். ஆனால் நகம் வைத்து இழுக்கும்போது தட்டுப்படும் கீறலை முற்றாக எடுக்க முயல்வது பெரும்பாலும் கிளியர் கோட்டையே துளைப்பதில் முடியும். அதைச் சற்று மங்கச் செய்து, காரணத்தை விளக்கிச் சொன்னால் பெரும்பாலானோர் ஏற்பார்கள். “இப்போதைய டூயல் அக்ஷன் மெஷின் பாதுகாப்பானதுதானே” என்றும் கேட்பாய். ரோட்டரியைப் போல அது ஒரே இடத்தைச் சூடேற்றாது என்பது உண்மை. ஆனாலும் வெட்டுவது கொம்பவுண்டும், மெஷினில் பொருத்தும் ‘பாட்’ என்ற மெத்தையும். மெஷின் எதுவானாலும் படை குறையவே செய்யும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ற் மெல்லியது என்பதும் மாறாது. ஆதலால் மிக மென்மையான ‘பாட்’டையும் பொலிஷையும் கொண்டு ஒரு சிறு இடத்தில் முதலில் பரீட்சித்துப் பார். போதாவிட்டால் மட்டும் ஒரு படி கூட்டு. முடிந்ததும் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் கலந்த நீரால் துடைத்துப் பார். பொலிஷின் எண்ணெய்ப் பசை மறைத்த கீறல்கள் அப்போது வெளியே தெரியும்.

இன்னொன்று. தேவைப்படாத பொலிஷ்தான் எல்லாவற்றிலும் நல்லது, அதைத் தீர்மானிப்பது கழுவும் விதம். எங்கள் தெஹிவளையில் கடலும் ரயில் பாதையும் பக்கத்திலேயே. உப்பும் மணலும் தண்டவாளத்து இரும்புத் தூளும் காரில் படியும். அதன்மேல் காய்ந்த துணியால் துடைப்பவர், நீ எடுத்த கீறல்களை மறுநாளே திரும்ப உண்டாக்குகிறார். முதலில் நிறையத் தண்ணீர் அடித்து, சவர்க்கார நீருக்கு ஒன்றும் அலசுவதற்கு ஒன்றுமாக இரண்டு வாளி வைத்துக் கழுவும் முறையை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லிக் கொடு. வருமானம் குறையும் என்று அஞ்சாதே. கழுவிக் காப்பதும் கூலி தரும் வேலைதான். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த மைக்ரோன் எண்களைப் பில்லில் எழுதிக் கொடு. அடுத்து அந்தக் காரில் கைவைப்பவர் எவராயினும் அந்த எண்களைப் பார்த்துத் தொடங்கட்டும்.

அன்புடன்,
உன் மாமா