பழி விசைப்பலகைக்கு

நேற்றுவரை டெர்மினலில் கண்ட்ரோல்-ஏ அழுத்தியதும் கர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஓடியது. இன்று அதே விசைக்கு ஏதோ ஒரு குறி வந்து விழுகிறது. ‘கீபோர்டு போச்சு’ என்பதே முதல் தீர்ப்பு. பெரும்பாலும் கீபோர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உங்கள் கட்டளைகளை வாங்கும் ஷெல், வரியைத் திருத்தும் விசைகளில் ஈமேக்ஸ் முறையை விட்டு விஐ முறைக்குத் தாவியிருக்கும்.

‘நான் எதையும் மாற்றவில்லையே!’ மாற்றியிருப்பீர்கள், வேறு காரியத்துக்காக. இசட்-ஷெல் (5.9 பதிப்பு வரை நிச்சயமாக) தொடங்கும்போது விஷுவல், எடிட்டர் என்ற இரண்டு சூழல் மாறிகளைப் பார்க்கும். அவற்றின் மதிப்பில் வி, ஐ என்ற ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலே போதும், இவர் விஐ பிரியர் என்று தானே முடிவுகட்டிவிடும். கிட்டில் மாற்றக் குறிப்புகளை எழுத எடிட்டர் மாறியை ‘விம்’ என்றோ ‘நியோவிம்’ என்றோ வைத்தவர்கள் எல்லோரும் இதில் சிக்குவார்கள். சொல்லாமல் செய்கிற இந்த உதவி எனக்குப் பிடிக்கவில்லை. இசட்-ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ‘பைண்ட்கீ -இ’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் மற்ற பைண்ட்கீ வரிகளுக்கு மேலே அது இருக்க வேண்டும். கீழே வைத்தால், அதுவரை நீங்கள் அமைத்த குறுக்குவிசைகள் விஐ பட்டியலிலேயே தங்கிவிடும்.

‘இன்புட்-ஆர்சி கோப்பைத் திருத்தினால் எல்லா ஷெல்லும் சரியாகும்’ என்பதும் தவறு. அந்தக் கோப்பைப் படிப்பது ரீட்லைன் நூலகம். பாஷ் ஷெல் அந்த நூலகத்தை நம்பியிருக்கிறது. இசட்-ஷெல்லுக்குச் சொந்த வரித்திருத்தி உண்டு, அது இந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. எடிட்டர் மாறியைப் பார்த்து பாஷ் முறை மாறுவதும் இல்லை. பாஷில் ‘செட் -ஓ’ என்று மட்டும் அடித்தால் எந்த முறை ஆனில் இருக்கிறது என்று தெரியும். விஐ முறையிலும் பாஷில் கண்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளைத் தேடித் தரும். இசட்-ஷெல்லிலோ அது வரியை மறுபடி வரைவதோடு சரி.

கண்ட்ரோல்-எஸ் அழுத்தித் திரை உறைந்தால் ஷெல்லைத் திட்ட வேண்டாம். அது டெர்மினலின் பழைய நிறுத்தக் குறி. கண்ட்ரோல்-க்யூ அதை விடுவிக்கும்.

விஐ முறை யாரோ பின்னால் ஒட்டவைத்த விசித்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: போசிக்ஸ் தரநிலையில் இருப்பது விஐ முறை மட்டும்தான். ஈமேக்ஸைத் தரப்படுத்தக் கூடாது என்று தடுத்தவர்கள் ஈமேக்ஸ் அன்பர்களே.

விஐ முறையில் எஸ்கேப் அழுத்தியதும் ஒரு கணம் தயங்குகிறதா? கணினி மெதுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அம்புக்குறி விசைகளும் எஸ்கேப்பில்தான் தொடங்குகின்றன. அடுத்த எழுத்து வருமா என்று ஷெல் காத்திருக்கிறது. இசட்-ஷெல்லில் இயல்பான காத்திருப்பு 0.4 வினாடி, ரீட்லைனில் 0.5 வினாடி. ‘கீடைம்அவுட்’ மதிப்பை 1 ஆக்கினால் இசட்-ஷெல்லில் அது 0.01 வினாடியாகக் குறையும். மெதுவான இணைப்பில் தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்பவர்கள் மட்டும் இவ்வளவு குறைக்காதீர்கள். அம்புக்குறியின் எழுத்துகள் வழியிலேயே பிரிந்து, வெறும் எஸ்கேப்பாகப் போய்ச் சேரும்.