பனிக்காலப் பள்ளி

நுழையும்முன்

கல்வியாண்டு ஜூன் மாதத்தில் தொடங்கி ஏப்ரலில் முடியும் என்பது நாம் அறிந்த கணக்கு. இக்கணக்கிற்குள் அடங்காத குழந்தைகளும் நம் அருகிலேயே வாழ்கின்றனர். அவர்கள் அரையாண்டுத் தேர்வு முடியும் வேளையில் வந்து சேர்ந்து, அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பி விடுகின்றனர். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்குப் பெற்றோருடன் வரும் ஒடிசாக் குழந்தைகளின் பாதியாண்டுக் கல்வியைப் பற்றியது இக்கட்டுரை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மார்கழிப் பனியில் திருவள்ளூர் மாவட்டம் வேறொரு தோற்றம் கொள்கிறது. பூண்டி, புழல் நீர்நிலைகளில் நீர் நிற்கிறது. கொசத்தலையாற்றின் கரையோர வயல்களில் கதிர் முற்றுகிறது. அதே நாள்களில் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, செங்குன்றம் பகுதிகளில் ஆறேழு மாதமாக ஓய்ந்து கிடந்த சூளைகளின் புகைபோக்கிகள் மீண்டும் புகையத் தொடங்குகின்றன. சென்னையின் அடுக்குமாடிகளுக்கும் புறநகர் வீடுகளுக்கும் வேண்டிய செங்கல்லில் பெரும்பகுதி நெடுங்காலமாக இச்சூளைகளிலிருந்தே சென்று வந்துள்ளது.

செங்கல் வெயிலை நம்பிய தொழில். மண்ணைக் குழைத்து, அச்சில் அறுத்து, தரையில் வரிசையாகப் பரப்பிய பச்சைக்கல் நாள்கணக்கில் காய்ந்த பிறகே சூளைக்குள் செல்லும். காயும் முன் ஒரு மழை பெய்தால் அத்தனை உழைப்பும் மீண்டும் மண்ணாகி விடும். ஆகவே டிசம்பர் அல்லது ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை, மழையற்ற மாதங்கள் மட்டுமே சூளையின் ஆண்டு. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. வெயில் ஏறும் முன் இயன்ற அளவு அறுத்துவிட வேண்டும் என்பதால், விடியலுக்கு வெகு முன்பே குடும்பம் முழுவதும் களத்தில் இறங்குகிறது. தந்தை மண் குழைப்பார். தாய் அச்சில் கல் அறுப்பார். அரைகுறையாகக் காய்ந்த கல்லைப் புரட்டி வைக்கப் பெரியவர் கையைவிடச் சிறுவர் கை வாகானது; பச்சைக்கல்லின் மேல் நடக்கப் பெரியவரைவிடச் சிறுவரின் எடை ஏற்றது. குழந்தை களத்திற்கு வருவது இப்படித்தான் தொடங்குகிறது. யாரும் அதனை வேலை என்று பெயரிட்டு அழைப்பதில்லை.

பொருள் தேடிப் பிரிந்து செல்வதைப் 'பொருள்வயிற் பிரிவு' என்று வகுத்து, அதனைப் பாலைத்திணையில் வைத்தது தமிழ் மரபு. பாலைக்கு உரிய பெரும்பொழுதாக வேனிலோடு பின்பனியையும் சேர்த்தார் தொல்காப்பியர். சூளைக்காலமும் பனியில் தொடங்கி வேனிலில் முடிவதுதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் பாடல்களில் தலைவன் பிரிவான்; தலைவி இல்லத்தில் காத்திருப்பாள்; புதல்வன் தாயின் அருகில் இருப்பான். சூளையை நோக்கிய பிரிவில் காத்திருக்க வீட்டில் எவரும் இல்லை. பிள்ளைகளும் பெற்றோருடன் புறப்படுகின்றனர்.

அவர்கள் புறப்படும் இடம் மேற்கு ஒடிசா. பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி முதலிய மாவட்டங்கள் மழையை மட்டுமே நம்பிய மேட்டுநிலங்கள். ஆவணி, புரட்டாசியை ஒட்டி அங்கே 'நுவாகாய்' என்னும் விழா வரும். நுவா என்றால் புதியது. காய் என்றால் உண்ணல். புதிய நெல்லைத் தெய்வத்திற்குப் படைத்துக் குடும்பத்தோடு உண்ணும் நாள் அது. விழா முடிந்ததும் 'சர்தார்' எனப்படும் தரகர்கள் ஊர்களுக்கு வந்து முன்பணம் தருகின்றனர். மருத்துவச் செலவோ, திருமணக் கடனோ, வெறும் அரிசிக் கவலையோ, ஏதோ ஒன்று அந்தப் பணத்தை வாங்க வைக்கிறது. பின் பலாங்கீர் மாவட்டத்துக் காண்டாபாஞ்சி போன்ற தொடர்வண்டி நிலையங்களில் பாத்திரமும் போர்வையும் கட்டிய மூட்டைகளோடு குடும்பங்கள் காத்திருக்கும். முன்பணம் என்பது உண்மையில் கடன். அது கழியும்வரை களத்தைவிட்டு நகர முடியாத நிலை சில இடங்களில் ஏற்பட்டதும் உண்டு. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்களை மீட்க வேண்டியிருந்தது.

இரண்டு நாட்காட்டிகள்

இனிப் பள்ளியின் கணக்கிற்கு வருவோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கோடை முடிந்து பள்ளி திறக்கும்போது அவள் தன் ஊரில் மூன்றாம் வகுப்பில் அமர்கிறாள். மழைக்காலம் முழுவதும் படிக்கிறாள். நுவாகாய் முடிந்து சில வாரங்களில் அவளது இருக்கை வெறுமையாகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அதே நேரத்தில் தமிழகத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் பருவம் முடியும் தறுவாயில் இருக்கிறது. 2012-2013ஆம் கல்வியாண்டு முதல் இங்கே பாடநூல்கள் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் கையில் இருப்பது மூன்றாம் பருவ நூல். சூளைக்கு வந்த சிறுமி அந்த வகுப்பில் சேர்ந்தால், முதலிரண்டு பருவங்களை அறியாதவளாக, அறியாத மொழியில், மூன்றாம் பருவத்தில் வந்து நிற்பாள். ஏப்ரலில் இங்கே பள்ளி முடிந்துவிடும். சூளையோ ஜூன் வரை எரியும். அந்தக் கொடிய வெயில் மாதங்களில் அவளுக்குக் களத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

ஆக, இரண்டு மாநிலங்களிலும் பள்ளிகள் உண்டு. இரண்டிலும் ஆசிரியர்கள் உண்டு. மதிய உணவும் உண்டு. எனினும் அச்சிறுமிக்கு எங்கும் முழுமையான ஓர் ஆண்டு இல்லை. இது அவளுடைய குறையன்று. நாட்காட்டி இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டதன் விளைவு.

களத்தருகே வகுப்பறை

இந்த இடைவெளியை நிரப்ப 2010களின் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட முயற்சி குறிப்பிடத்தக்கது. அனைவருக்கும் கல்வி இயக்கம், எய்ட் எட் ஆக்‌ஷன் என்னும் தொண்டு நிறுவனம், சூளை உரிமையாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் இணைந்து சூளைகளுக்கு அருகிலேயே ஒடியா வழிப் பள்ளிகளை நடத்தினர். பாடநூல்கள் ஒடிசாவிலிருந்து தருவிக்கப்பட்டன. ஒடியா அறிந்த ஆசிரியர்கள் அங்கிருந்து வந்தனர். தமிழ் மண்ணில், தமிழக அரசின் துணையோடு, வேறொரு மாநிலத்தின் பாடத்திட்டம் கற்பிக்கப்பட்டது. இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஆறு மாதம் கழித்துச் சிறுமி திரும்பப் போவது ஒடியா வகுப்பறைக்கே. அங்கே அவள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால் இங்கே படிப்பதும் அந்த நூலாகவே இருக்க வேண்டும் என்னும் எளிய நடைமுறை அறிவு இதன் பின்னே உள்ளது.

தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 29ஆம் பிரிவும், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. 'இயன்றவரை' என்ற சொல் பல இடங்களில் தப்பிக்கும் வழியாகப் பயன்பட்டிருக்கிறது. சூளையோரப் பள்ளியில் அச்சொல் அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆயினும் தாய்மொழி என்று ஒற்றைச் சொல்லில் கூறிவிடுவது எளிது. வகுப்பறையில் அது அவ்வளவு எளிதன்று. மேற்கு ஒடிசா மக்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. நூலில் உள்ள ஒடியாவிற்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டைக் குறிக்கும் 'கர' என்னும் ஒடியாச் சொல் இறுதி உயிரோடு ஒலிக்கும். சம்பல்புரியில் அது 'கர்' என்று மெய்யில் முடிந்துவிடும். ஒடியாவில் தமிழைப் போலவே ளகரம் உண்டு. சம்பல்புரிப் பேச்சில் அது லகரமாகி விடுகிறது. எனவே சிறுமி தன் மொழியின் நூலைத் திறக்கும்போதும் சற்று அந்நியமாகவே உணர்வாள். அவள் ஊர்ப்பக்கத்து ஆசிரியர் ஒருவர் எதிரில் இருந்தால் அந்தத் தயக்கத்தைச் சிரிப்போடு கடந்துவிடலாம். நூல்களை மட்டும் மூட்டையாக அனுப்பாமல் ஆசிரியரையும் அழைத்து வந்ததன் சிறப்பு இங்கேதான் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசு தமிழை 2004ஆம் ஆண்டிலும் ஒடியாவை 2014ஆம் ஆண்டிலும் செம்மொழியாக அறிவித்தது. ஒடியா எழுத்துகளின் தலைப்பகுதி வளைந்திருக்கும். பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் இவ்வளைவு அமைந்தது என்பர். ஓலையில் எழுதிய பழக்கமே தமிழ் வட்டெழுத்தின் வளைவுகளுக்கும் காரணமாகக் கூறப்படுகிறது.

சூளையில் வளரும் குழந்தைக்கு எண் புதிதன்று. ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச என்று ஒன்று முதல் ஐந்து வரை சொல்லத் தொடங்கும் முன்பே, கற்கள் வரிசையாக அடுக்கப்படுவதை அது கண்டிருக்கிறது. ஒரு வரிசையில் பத்து, அப்படிப் பத்து வரிசை, ஆக நூறு என்பது பாடநூலில் பெருக்கல். களத்தில் அன்றாடக் காட்சி. ஆயிரம் என்ற எண்ணின் எடையை நகரத்துப் பிள்ளைகளைவிட இப்பிள்ளைகள் நன்கு அறிவர். இரவு கூலிக் கணக்கின்போது பெற்றோர் வாயிலிருந்து மீண்டும் மீண்டும் கேட்கும் எண் அதுவே. தெரிந்திருப்பது எண், தெரியாதது அதனை எழுதும் முறை. கணக்குப் பாடத்தை இங்கிருந்து தொடங்கும் ஆசிரியர் பாதித் தொலைவை நடக்கத் தேவையில்லை. எழுதவும் கூட்டவும் கற்ற மகள் ஒருத்தி, தன் வீட்டார் அறுத்த கல் எத்தனை என்பதைத் தானே குறித்து வைத்துக்கொள்ளலாம். மேலாளரின் ஏட்டிற்கு எதிரே இன்னோர் ஏடு உருவாகிறது. கடன் எப்போது கழிந்தது என்று கேட்க அந்தக் குடும்பத்திற்கு ஒரு சான்று கிடைக்கிறது.

வகுப்பை வயதால் பிரிக்காமல் கற்றல் நிலையால் பிரிக்கும் முறையும் இத்தகைய பள்ளிக்கு இன்றியமையாதது. ஒன்பது வயதாகியும் எழுத்தறியாத சிறுவனும், ஏழு வயதில் வாக்கியம் படிக்கும் அவன் தங்கையும் ஒரே பாயில் அமர்வர். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது தமிழகக் குழந்தைகளுக்கும் இதே போன்ற இடைவெளி நேர்ந்தது. அதனைச் சரிசெய்யும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைகளுக்கு அதில் பெயரிட்டனர். ஊரே இரண்டு ஆண்டுகள் பள்ளியை இழந்தபோது உண்டான முறை அது; ஆண்டுதோறும் பாதியை இழக்கும் குழந்தைக்கோ அது எப்போதும் தேவை.

இதே மாவட்டத்தின் வடகோடியில் நிலைமை வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் பணிபுரிகின்றனர். ஆந்திர எல்லையை ஒட்டிய அப்பகுதியில் தமிழும் தெலுங்கும் முன்பே கலந்து ஒலிக்கும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துள்ளன. ஆலைக்கு மழைக்காலம், பனிக்காலம் என்ற வேறுபாடு இல்லை. எனவே அங்கே குடும்பத்தோடு தங்கியவர்களின் குழந்தைகள் ஆண்டு முழுவதும் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குச் செல்ல இயலும். அவர்களுக்குத் தேவைப்படுவது தமிழ். ஆசிரியரின் சொல்லும் விளையாட்டுத் தோழரின் பேச்சும் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளில் அவர்களைத் தமிழ் பேச வைத்துவிடும். ழகரம் மட்டும் சில காலம் போக்குக் காட்டும். இத்தகைய குழந்தைகளுக்காகத் 'தமிழ் மொழி கற்போம்' என்னும் திட்டத்தையும் பள்ளிக் கல்வித் துறை செயற்படுத்துகிறது. தங்கப் போகும் குழந்தைக்குத் தங்கும் ஊரின் மொழி. திரும்பப் போகும் குழந்தைக்குத் திரும்பும் ஊரின் மொழி. இரண்டையும் 'வெளிமாநிலக் குழந்தைகள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதி, ஒரே தீர்வைத் தேடுவது தவறாகவே முடியும்.

ஒடிசாவிலும் மாற்று முயற்சி உண்டு. பெற்றோர் சூளைக்குச் செல்லும் மாதங்களில் பிள்ளைகளை ஊரிலேயே தங்க வைத்துப் படிப்பிக்கும் பருவகால விடுதிகள் அங்கே நடத்தப்படுகின்றன. படிப்பு தடையின்றித் தொடர்வதற்கு இதுவே நேரிய வழி. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை ஆறு மாதம் பிரிந்திருக்க எல்லாத் தாய்மாரும் துணிவதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வேண்டும் என்று அழைத்துச் செல்லப்படும் சிறுமியரும் பலர்.

ஜூன் மாதத்தில் முதல் கோடைமழை பெய்ததும் பச்சைக்கல் அறுப்பது நிற்கும். எஞ்சியவை சூளைக்குள் சென்று வெந்ததும் கணக்கு முடிக்கப்பட்டு, குடும்பங்கள் மூட்டை கட்டும். பள்ளியும் அத்துடன் கலையும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, மாநிலம் கடந்து சென்றாலும் குழந்தைக்கு வேறு பள்ளிக்கு மாறும் உரிமை உண்டு. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும். சான்றிதழ் தாமதமானது என்று கூறி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுத்தல் கூடாது. பனிக்காலத்தில் தொடங்கிய படிப்பு மழைக்காலத்தில் தொடருமா என்பது, சிறுமி எந்த நூலில் எந்தப் பாடம் வரை வந்தாள் என்று எழுதித் தரப்படும் ஒற்றைத் தாளைப் பொறுத்தது. போர்வைக்கும் பாத்திரத்திற்கும் இடையே மடித்து வைக்கப்பட்டு அந்தத் தாள் காண்டாபாஞ்சி வரை கசங்காமல் சேர வேண்டும். சேர்ந்த பின், அங்குள்ள ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து, அடிக்கப்படாமல் இருக்கும் அவள் பெயருக்கு நேரே அன்றைய வருகையைக் குறிக்க வேண்டும்.