வீட்டுத் தோட்டமும் மார்புப் புற்றுநோய்த் தடுப்பும்

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயாகும். அதனை முற்றாகத் தடுக்கும் உணவு எதுவுமில்லை. எனினும் அது உண்டாகும் வாய்ப்பைக் குறைக்கும் வழிகள் உள.

மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தல் தீது. உடற் கொழுப்பில் உண்டாகும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் இந்நோயைத் தூண்டும். ஆதலால் சோற்றைச் சிறிது குறைத்து, மரக்கறியையும் பயற்றையும் கூட்டுக. மதுபானம் சிறிதளவாயினும் கேடு தரும். தாய்ப்பாலூட்டலும் உடலுழைப்பும் நன்மை தரும்.

கமக்காரர் சிலர் நல்ல மரக்கறி முழுவதையும் சந்தைக்கு அனுப்பிவிடுகின்றனர். வீட்டுப் பெண்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, கரற் ஆகியவற்றில் கரோட்டீன் உண்டு. இரத்தத்தில் இச்சத்து மிகுந்த பெண்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் கூறும். சிறிது தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைத்தால் அது உடலில் நன்கு சேரும்.

விற்றமின் மாத்திரைகள் மரக்கறிக்கு ஈடாகா. பின்லாந்தில் நடந்து 1994 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கரோட்டீன் மாத்திரை உண்ட புகைபிடிப்போரிடம் நுரையீரற் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது.

மார்பிற் கட்டி தென்பட்டால் கீரையையும் பத்தியத்தையும் நம்பியிருத்தலாகாது. அறுவடை முடியட்டும் என்று காத்திராது, உடனே அரசாங்க வைத்தியசாலையிற் காட்டுக. தொடக்கத்திற் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.