காலேஜ் பிள்ளைகளும் போதையும்: சட்டம் என்ன சொல்கிறது?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகும் ஒரு அக்கா எழுந்திருக்கவில்லை. தறிப்பட்டறையில் தார் சுற்றும் வேலை அவருக்கு. மகனைக் காலேஜில் சேர்க்க நம்ம குழுவில்தான் உள்கடன் வாங்கினார். விடுதி அறையில் கஞ்சாப் பொட்டலம் கிடைத்தது என்று பையனையும் கூட இருந்த இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று போன் வந்திருக்கிறது.

"போலீசுக்குப் போனா ஜெயிலுங்களா? கையெழுத்துப் போட்டா படிப்பு போயிருமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிருமா?" இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நமக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொல்லி அவரை இன்னும் பயமுறுத்தியதுதான் மிச்சம். அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்வோம். காலேஜ் விதி வேறு, நாட்டுச் சட்டம் வேறு. காலேஜ் என்ன செய்யலாம்? விடுதியை விட்டு அனுப்பலாம், சில நாள் வகுப்புக்கு வராதே எனலாம், பெரிய தப்பு என்றால் நீக்கவும் செய்யலாம். ஆனால் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. நீக்குவதாக இருந்தாலும் என்ன குற்றம் என்று எழுத்தில் சொல்லி, விசாரித்து, பையன் பக்கத்து விளக்கத்தையும் கேட்க வேண்டும். கேட்காமல் நீக்கினால் அதை எதிர்த்துக் கேட்க இடம் உண்டு.

கையெழுத்து விஷயம் நம்மில் பல பேர் ஏமாறும் இடம். சேர்க்கும்போது நீட்டும் தாளில் எல்லாம் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதில் ஒன்று ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த விதிப்படி மாணவரும் பெற்றோரும் ஒவ்வொரு வருடமும் தர வேண்டியது. அந்த வருடம் மார்ச் மாதம் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர், குடித்திருந்த சீனியர்கள் அடித்ததில் இறந்துபோனார். நம்ம தமிழ்நாட்டில் 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. 2 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஜூனியரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பதும் ராகிங்தான். உங்கள் பிள்ளைக்கு அப்படி நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

அக்காவுக்கு நாம் சொன்னது இதுதான்: தாளை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க, வெற்றுத்தாளில் போடாதீங்க, ஒரு நகல் கேட்டு வாங்கிக்குங்க.

இனி சட்டம். மதுவை எடுத்துக் கொள்வோம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மதுக்கடையில் விற்கக் கூடாது. பிளஸ் டூ முடித்து 17, 18 வயதில் காலேஜ் சேரும் பிள்ளை மூன்று வருடப் பட்டப்படிப்பை முடிக்கும்போதுதான் 21-ஐத் தொடுகிறான். அப்படியானால் டிகிரி படிக்கிற பிள்ளைக்குக் கடையில் பாட்டில் கிடைக்கிறது என்றாலே தப்பு விற்றவர் பக்கமும் இருக்கிறது. இதை நாம் யாரும் கேட்பதில்லை. பையனை மட்டும்தான் திட்டுகிறோம். கல்விக்கூடம், கோயில் இவற்றிலிருந்து நகராட்சி, மாநகராட்சியில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் கடை இருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இருந்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் குழுவாகப் போய் மனுக் கொடுக்கலாம்.

18 வயது ஆகாத பிள்ளைக்கு மதுவோ, புகையிலையோ, போதைப் பொருளோ கொடுப்பவருக்கு 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி 7 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். முதல் வருடம் சேர்ந்த பல பிள்ளைகள் இந்த வயதுக்குள்தான். காலேஜ் எல்லையிலிருந்து 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்பதும் 2003-ம் வருடச் சட்டப்படி தடை. குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மது விலக்கு நமக்குப் புதுசில்லை. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டு வந்தது சேலம் ஜில்லாவில். அப்போது நம்ம பள்ளிபாளையமும் அந்த ஜில்லாதான். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-லேயே காந்தி ஆசிரமம் ஆரம்பித்து, குடியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியிருக்கிறார். நம்ம பாட்டிமார் அதையெல்லாம் பார்த்தவர்கள்.

கஞ்சா விஷயம் மதுவை விடக் கடுமை. 1985-ம் வருட போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் அளவைப் பொறுத்துத் தண்டனை மாறும். ஒரு கிலோ வரை 'சிறு அளவு': ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேலே போனால் 10 வருடம் வரை. 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 வருடம், 20 வருடம் வரையும் போகலாம். வெறுமனே புகைத்ததற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம். "ஃப்ரெண்டு குடுத்தான், பையில வெச்சிருந்தேன்" என்பது தப்பிக்கிற வழி ஆகாது. நம்மில் சில பேர் மாடி அறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அங்கே இது நடப்பது தெரிந்தும் விட்டுவைத்தால் வீட்டுக்காரர் மேலும் வழக்கு வரும். தெரிந்தே வண்டியை இரவல் கொடுத்தவருக்கும் அப்படியே.

இப்போது அக்காவின் மூன்றாவது கேள்வி. இதற்குத்தான் நமக்கு நல்ல பதில் கிடைத்தது. பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கப் போவது குற்றம் இல்லை. அதற்கு மேலும், போதைக்கு அடிமையானவர் மேல் பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்திருந்தாலும், தானே முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. பாதியில் விட்டுவிட்டு வந்தால் அந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். விற்றவனுக்கு இது கிடையாது.

பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். "கேஸ் இல்லாம முடிச்சுத் தர்றேன்" என்று வரும் தரகரிடம் குழுக்கடன் வாங்கிக் கொடுக்காதீங்க. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் போட்டால் போதும். பழக்கத்தை விட ஆலோசனை வேண்டும் என்றால் 14446. விற்பவனைப் பற்றிச் சொல்ல 10581.

அக்கா மறுநாளே தறிக்கு லீவு சொல்லிவிட்டு, குழுத் தலைவியைக் கூட்டிக்கொண்டு காலேஜ் போனார். பையன் நாலு மாதமாகப் புகைப்பதை ஒத்துக்கொண்டு, விளக்கத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தான். போலீசுக்கு இன்னும் போகவில்லை. 15 நாள் வகுப்பு கிடையாது, இனி விடுதியும் கிடையாது என்றார்கள். இப்போது பள்ளிபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறான். வாரம் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் கூடப் போகிறார். உள்கடன் தவணையை இரண்டு மாதம் தள்ளி வைக்கக் குழுவில் தீர்மானம் எழுதியிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் பிள்ளையின் காலேஜ் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வாங்க. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். தறிச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து உட்காருவோம்.